பிக் பேண்ட் ஜாஸ் நேரில் கேட்க நியூயார்க்கில் எங்கே போகலாம், எங்கே உட்காரலாம்?

கீழ்ப்பாலம் கேட்டது:

வணக்கம். வேலை விஷயமாக நியூயார்க் போகிறேன், மனைவியும் கூட வருகிறார். வேலை முடிந்த பிறகு ஒரு வார இறுதியும் அதை ஒட்டி ஒரு திங்கட்கிழமையும் எங்களுக்கென்று இருக்கிறது. ஜாஸ் சில வருடங்களாகக் கேட்டு வருகிறேன், ஆனால் கேட்டதெல்லாம் நாலைந்து பேர் வாசிக்கும் சின்னக் குழுக்கள்தான். அதில் யார் என்ன செய்கிறார் என்று காதால் பின்தொடர முடிகிறது. பிக் பேண்ட் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி என்ற இரண்டு பேண்ட் தலைவர்களையும் ஹெட்போனில் கேட்டுப் பார்த்தேன், பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் காதுக்குள் வந்து விழுகிறார்கள், எது ட்ரம்பெட், எது டிராம்போன் என்றே பிரியவில்லை. நேரில் கேட்டால்தான் அந்த இசை திறக்கும் என்று பலரும் சொல்கிறார்கள்.

அப்படிப் போவதென்றால் எங்கே போவது? மேடைக்குப் பக்கத்தில் உட்காருவதா, பின்னால் தள்ளி உட்காருவதா? முதல் தடவை கேட்பவர் காதை எதில் வைக்க வேண்டும்? எனக்கு சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத்தில் இருந்துதான் பழக்கம், அந்த வாத்தியம் ஐந்து பேர் கையில் ஒன்றாக எப்படி ஒலிக்கும் என்று பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

தெருவோரக்கேட்பவன் எழுதியது:

திங்கட்கிழமை இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் கிளப். கிரீனிச் வில்லேஜில் செவன்த் அவென்யூ சவுத், கதவு எண் 178. 1, 2, 3 ரயிலில் 14ஆவது தெருவில் இறங்கினால் கொஞ்ச நடைதான். சிவப்பு விதானம் போட்ட ஒரு சின்ன வாசல், அதிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும் படிகள், கீழே முக்கோண வடிவில் ஒரு நிலவறை. மேடை அந்த முக்கோணத்தின் குறுகலான முனையில் இருக்கிறது. மேக்ஸ் கோர்டன் என்பவர் 1935இல் இந்த இடத்தைத் திறந்தார், அவருக்குப் பிறகு மனைவி லொரெய்ன், அதற்கப்புறம் மகள் என்று இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. மொத்தம் 123 பேர்தான் உட்கார முடியும். அந்த அளவு அறையில் 16 பேர் கொண்ட முழு பேண்ட் வாசிக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு திங்களும் அங்கே வாசிப்பது வேன்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா. ட்ரம்பெட் வாசித்த தாட் ஜோன்ஸும் டிரம்மர் மெல் லூயிஸும் தொடங்கிய பேண்ட் இது, 1966 பிப்ரவரி 7ஆம் தேதி திங்கட்கிழமை அங்கே முதல் நிகழ்ச்சி. தாட் ஜோன்ஸ் அதற்கு முன்னால் பேஸியிடம் பல வருடம் இருந்தவர். பேஸி ஒரு முழு ஆல்பத்துக்கான பாட்டுகளை அவரிடம் எழுதி வாங்கிவிட்டு, தன் பேண்டின் போக்குக்கு ஒத்து வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார், அந்தக் கட்டு நோட்டுகள்தான் இந்தப் புது பேண்டுக்கு முதல் கையிருப்பு. 1970களின் கடைசியில் தாட் கோபன்ஹேகன் போய்விட்டார், மெல் லூயிஸ் 1990இல் இறக்கும்வரை நடத்தினார், அதற்குப் பிறகு உறுப்பினர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். கோவிட் காலத்தில் கிளப் மூடிக் கிடந்த மாதங்களை விட்டுவிட்டால், அன்றிலிருந்து திங்கள் திங்கள்தான். 2009இல் கிராமி வாங்கிய அவர்களுடைய ஆல்பம்கூட அதே அறையில் பதிவானதுதான்.

இருக்கை என்று கேட்டீர்கள். முன்வரிசை. சாக்ஸபோன்காரர்கள் முன்னால் உட்காருவார்கள், அவர்களுக்குப் பின்னால் டிராம்போன், அதற்கும் பின்னால் ட்ரம்பெட். முதல் மேசையில் இடம் கிடைத்தால் சாக்ஸ் வரிசையின் மூச்சு இழுக்கும் சத்தமே உங்களுக்குக் கேட்கும். இருக்கை எண் கிடையாது, முதலில் வருபவருக்கு முதல் இடம், ஆகையால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

மாடிவரிசை எழுதியது:

வேன்கார்ட் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. முன்வரிசை என்பதில்தான் உடன்பாடில்லை, அதுவும் முதல் தடவை கேட்பவருக்கு. சாக்ஸ் வரிசைக்கு நேர் முன்னால் உட்கார்ந்தால் சாக்ஸ்தான் கேட்கும். ட்ரம்பெட் தலைக்கு மேலே போய்விடும், பியானோ எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்காரருக்கு மட்டும்தான் பியானோ. எழுதியவர் எல்லாவற்றையும் கலந்து ஒரு நிறத்தை உண்டாக்கியிருப்பார், அந்தக் கலவை உருவாக ஒலிக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். அறையின் நடுவில், சுவரோரம் இருக்கும் நீள இருக்கையில் உட்காருங்கள். சின்ன அறைதானே, அங்கிருந்தும் எல்லோர் முகமும் தெரியும்.

வார இறுதி கையில் இருப்பதால் ஜாஸ் அட் லிங்கன் சென்டரையும் பார்த்து வையுங்கள். கொலம்பஸ் சர்க்கிளில், 2004இல் திறந்தது, ஜாஸுக்கென்றே கட்டிய அரங்கு. ரோஸ் தியேட்டரில் சுமார் 1,200 இருக்கைகள், மேடையைச் சுற்றியும் மாடங்கள் உண்டு. வின்டன் மார்சலிஸ் கட்டி வளர்த்த 15 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவின் வீடு அது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மார்சலிஸ் அவ்வளவு பெரிய பெயர் எடுத்த பிறகும் முன்னால் நின்று கையசைக்காமல் பின்வரிசையில் மற்ற ட்ரம்பெட்காரர்களோடு உட்கார்ந்துதான் வாசிப்பார். மேடைக்குப் பின்பக்க மாடத்தில் டிக்கெட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அங்கிருந்து டிரம்மரின் கைகளையும் ட்ரம்பெட்காரர்களின் நோட்டுத் தாள்களையும் மேலிருந்து பார்க்கலாம், கேட்பதில் இழப்பதை அந்தக் காட்சி ஈடு செய்துவிடும்.

எங்கே போனாலும் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், பேண்டை எவ்வளவு மைக்கில் கொடுக்கிறார்கள் என்று. வேறு ஒரு ஊரில் ஒரு பெரிய அரங்கில் நல்ல பேண்ட் ஒன்று வாசித்ததைக் கேட்கப் போனேன், ஆளுக்கொரு மைக் வைத்து எல்லாவற்றையும் இரண்டு ஸ்பீக்கர் கோபுரங்கள் வழியாக வெளியே தள்ளினார்கள். மேடையில் இடது ஓரத்தில் இருப்பவர் எழுந்து வாசிக்கிறார், ஒலி வலது கோபுரத்தில் இருந்து வருகிறது. மெதுவாக வாசிக்கும் இடமும் ஓங்கி வாசிக்கும் இடமும் ஒரே அளவு. அன்றைக்குக் கொடுத்த காசும் போய் மாலையும் போனது. பிக் பேண்டின் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம்டிராம்போன் எழுதியது:

கல்லூரியில் பிக் பேண்டில் டிராம்போன் வாசித்தவள் என்ற முறையில், காதை எதில் வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் சின்னக் குழுவில் சோலோ, அதாவது தனியாக, வாசிப்பவரைப் பின்தொடர்ந்து பழகியிருக்கிறீர்கள். பிக் பேண்டில் முதலில் அதை விடுங்கள். சோலோ வாசிப்பவர் எழுந்து நிற்பார், எல்லோரும் அவரையே பார்ப்பார்கள், நீங்கள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேதான் இந்த இசை நடக்கிறது.

வழக்கமான அமைப்பு ஐந்து சாக்ஸபோன் (மேல் சுருதியிலிருந்து கீழ் நோக்கி இரண்டு ஆல்ட்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிட்டோன்), நாலு டிராம்போன், நாலு ட்ரம்பெட். ஆக ஊதுபவர்கள் 13 பேர். அப்புறம் பியானோ, பாஸ், டிரம்ஸ், சில பேண்டுகளில் கிட்டார். ஒவ்வொரு வரிசைக்கும் லீட் என்று ஒருவர் உண்டு. அவர் ஒரு சுரத்தை எங்கே தொடங்குகிறார், எவ்வளவு நீட்டுகிறார், எங்கே வெட்டுகிறார், அதிர்வு கொடுக்கிறாரா இல்லையா, எல்லாவற்றையும் அந்த வரிசையின் மற்றவர்கள் அப்படியே ஒட்டிப் போக வேண்டும். நோட்டில் இது எதுவும் முழுதாக எழுதியிருக்காது. லீட் ட்ரம்பெட் பெரும்பாலும் சோலோ வாசிக்க மாட்டார், பெயர் போஸ்டரில் இருக்காது, ஆனால் பேண்ட் நல்ல பேண்டா என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். நாலு ட்ரம்பெட்டும் ஓங்கி ஊதிக்கொண்டிருக்கும் ஒரு சுரம் வெட்டுப்படும் இடத்தைக் கவனியுங்கள். நல்ல பேண்டில் நாலு பேரும் ஒரே கணத்தில் நிறுத்துவார்கள், அதற்குப் பிறகு வரும் அந்த நொடி நேர வெற்றிடமும் தாளத்தின் ஒரு பகுதிதான்.

அடுத்து டிரம்மர். மிருதங்க வித்வான் பாடகரின் சங்கதி எங்கே போய் விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து அதற்கு ஏற்றாற்போல் வாசிப்பாரே, அதேதான். பிராஸ், அதாவது ட்ரம்பெட்டும் டிராம்போனும், ஒரு அடி கொடுக்கப்போகிறது என்றால் அதற்குச் சற்று முன்னால் டிரம்மர் ஒரு சின்ன அசைவு வைப்பார், அது அவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ‘இதோ’ என்று சொல்வது. மெல் லூயிஸ் இதில் பெரிய ஆள். சத்தம் போட்டு ஓட்டாமல், சிம்பலின் நிறத்தாலேயே பேண்டைக் கொண்டுபோனவர் என்று இன்றும் டிரம்ஸ் படிப்பவர்கள் அவரைக் கேட்கிறார்கள்.

சாக்ஸ் சோலி என்று ஒன்று வரும். ஐந்து பேரும் ஒருவர் சோலோ வாசிப்பது போன்ற நீளமான, வளைந்து வளைந்து ஓடும் ஒரு வரியை, ஆளுக்கொரு சுரமாகப் பிரித்து, ஒரே வேகத்தில் வாசிப்பார்கள். தாட் ஜோன்ஸ் எழுதிய சோலிகள் ரொம்பக் கடினம், சிலவற்றில் மேலே ஆல்ட்டோவுக்குப் பதில் சொப்ரானோ சாக்ஸ் நடத்தும். உங்கள் ‘ஐந்து பேர் ஒன்றாக’ என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிடும்.

ம்யூட் போடுவதையும் பாருங்கள். ட்ரம்பெட் வாயில் எதை வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வாத்தியமே மாறிவிடும். கிண்ணம் மாதிரி ஒன்று, தகரத்தில் ஒன்று, அப்புறம் சிங்க் அடைப்பு எடுக்கிறோமே அந்த ரப்பர் கப், கடையில் விற்பதே தான், கைப்பிடியைக் கழற்றிவிட்டு இடது கையில் பிடித்து மூடித் திறந்து வாசிப்பது. எலிங்டனின் பேண்டில் பப்பர் மைலியும் டிரிக்கி சாம் நான்டனும் 1920களில் அதை வைத்து மனிதக் குரலையே கொண்டுவந்தார்கள்.

எலிங்டன் ஏன் பிரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. மற்றவர்கள் வரிசை வரிசையாக எழுதும்போது அவர் வரிசைகளைக் குறுக்கே வெட்டி எழுதினார். 1930இல் வந்த ‘மூட் இண்டிகோ’வின் தொடக்கத்தில் ம்யூட் போட்ட ட்ரம்பெட்டுக்கு அருகிலேயே ம்யூட் போட்ட டிராம்போன் மேல் ஸ்தாயியில், கிளாரினெட் அடிமட்டத்தில். தலைகீழாக வைத்திருக்கிறார். பிரித்துக் கேட்கக் கூடாது என்பதற்காகவே செய்த கலவை அது. பாரிட்டோன் வாசித்த ஹாரி கார்னி 1927இல் சேர்ந்து 1974இல் எலிங்டன் இறக்கும்வரை கூடவே இருந்தார், ‘பாரிட்டோன்’ பகுதி என்று எழுதாமல் கார்னிக்கு என்று எழுதும் அளவுக்கு எலிங்டனுக்கு ஆட்களைத் தெரியும்.

கீழ்ப்பாலம் எழுதியது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வேன்கார்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு சின்ன சந்தேகம். நாங்கள் இருவரும் மது குடிப்பதில்லை, அது அங்கே சங்கடமாக இருக்குமா? கைதட்டுவது எங்கே? இன்னொன்று, சந்தேகம் என்பதைவிட ஆர்வம்: ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் வாசித்த பேண்டுகள் இப்போது ஏன் வாரத்தில் ஒரு நாள், அதுவும் திங்களில்?

தெருவோரக்கேட்பவன் எழுதியது:

ஒரு சங்கடமும் இல்லை. ஆளுக்கு ஒரு பானம் வாங்க வேண்டும் என்பது விதி, அது ஜூஸாகவோ சோடாவாகவோ இருக்கலாம். சாப்பாடு கிடையாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பழைய சமையலறைதான் இப்போது கலைஞர்கள் ஓய்வெடுக்கும் அறை. வாசிக்கும்போது பேசக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, இதை அங்கே கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள், கேட்க வந்தவர்களுக்கு அது பெரிய வரம். ஒவ்வொரு சோலோ முடியும்போதும் கைதட்டலாம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே. இரவு இரண்டு செட், அதாவது தனித்தனி நிகழ்ச்சி, 8 மணிக்கு ஒன்று, 10 மணிக்கு ஒன்று. இரண்டாவது செட்டில் கூட்டம் குறையும், பேண்ட் இன்னும் தளர்ந்து வாசிக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பழையதட்டு எழுதியது:

திங்கள் ஏன் என்பதற்கு நான் சொல்கிறேன், இது நான் விரும்பிப் படித்த பகுதி.

1966இல் நியூயார்க்கில் நன்றாக நோட்டு வாசிக்கத் தெரிந்த ஜாஸ்காரர்கள் பலருக்கு வயிற்றுப்பாடு ஒலிப்பதிவுக் கூடங்களில்தான். விளம்பரம், டிவி, பாப் பாடகர்களின் ரெகார்டு. பகலெல்லாம் அடுத்தவர் சொன்னதை வாசித்துவிட்டு, தங்கள் மனதுக்காக வாசிக்க ஒரு இடம் தேடினார்கள். திங்கள் இரவு கிளப்புகளுக்கு மந்தமான நாள், பல கலைஞர்களுக்கும் அன்று வேறு வேலை இருக்காது. அதனால் தாட், மெல் இருவரும் நள்ளிரவில் கூடி ஒத்திகை பார்த்து, திங்களைப் பிடித்துக்கொண்டார்கள். கூலி சொற்பம். அதையும் தெரிந்துதான் வந்தார்கள்.

ஊர் ஊராகப் போன பேண்டுகள் ஏன் நின்றன என்றால், காசுதான். ரசனை மாறிவிட்டது என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் பாலமார் நடன அரங்கில் பென்னி குட்மேன் வாசித்ததில் இருந்து பிக் பேண்டுகளின் பொற்காலமான ஸ்விங் காலம் தொடங்கியதாகச் சொல்வார்கள், 1938 ஜனவரியில் அதே பேண்ட் கார்னகி ஹாலில் ஏறியது. நாடே இந்த இசைக்கு ஆடியது. போர் வந்ததும் பாதிப் பேர் ராணுவத்துக்குப் போனார்கள், பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்தது, ஒரு பஸ் நிறைய ஆட்களோடு ஓடும் தொழில் எப்படி நடக்கும்? 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ரெகார்டு நிறுவனங்களுக்கு வாசிப்பதில்லை என்று வேலைநிறுத்தம் செய்தது, சில நிறுவனங்களோடு அது 1944 நவம்பர் வரை இழுத்தது. பாடகர்களுக்கு அந்தத் தடை இல்லை, அவர்கள் கோரஸ் குரல்களை மட்டும் வைத்துப் பதிவு செய்து முன்னால் போய்விட்டார்கள். 1944இல் ஆட்டமோ பாட்டோ உள்ள இரவு விடுதிகளுக்கு 30 சதவீதம் வரி, பிறகு அது 20 ஆகக் குறைந்தாலும் அடி விழுந்துவிட்டது. ஆடும் தளத்தை எடுத்துவிட்டு மூன்று பேரை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னால் முதலாளிக்கு லாபம். 1946 முடிவதற்குள் வுடி ஹெர்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டோர்சி எல்லோரும் பேண்டைக் கலைத்துவிட்டார்கள், அவர்களில் சிலர் பிறகு திரும்பவும் கூட்டினார்கள். பேஸிகூட 1950இல் சின்னக் குழுவாகச் சுருங்கி 1952இல்தான் மறுபடி முழு பேண்ட் சேர்த்தார். எலிங்டன் மட்டும் கலைக்கவே இல்லை, தன் பாட்டுகளில் வந்த ராயல்டியைப் போட்டுச் சம்பளம் கொடுத்தார். எழுதியதை மறுநாளே கேட்டுப் பார்க்க அவருக்கு அந்த ஆட்கள் வேண்டும்.

இங்கே உள்ளவர்களுக்கு இன்னொரு தகவல். 1963இல் எலிங்டன் பேண்ட் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் மேற்காசியாவிலும் தெற்காசியாவிலும் சுற்றுப்பயணம் செய்தது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. நவம்பர் 22 அன்று அவர்கள் அங்காராவில் இருக்கும்போது கென்னடி சுடப்பட்டார், பயணம் அத்தோடு நின்றது. அந்தப் பயணத்தில் இருந்து பிறந்த தொகுப்பை 1966 டிசம்பரில் பதிவு செய்தார்கள், ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்று பெயர். டெல்லியில் கேட்ட ஒரு மைனாவின் குரலை வைத்துப் எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதிய துண்டு அதில் உண்டு, மைனாவாக ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட். எங்கள் வீட்டில் அந்தத் தட்டு என் அப்பா காலத்தில் இருந்து இருக்கிறது.

கீழ்ப்பாலம் எழுதியது:

போய் வந்துவிட்டோம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

முன்வரிசையா நடுவா என்ற சண்டைக்கு நாங்களே ஒரு வழி கண்டோம், இரண்டு செட்டுக்கும் டிக்கெட் எடுத்து, முதலாவதில் முன்னால், இரண்டாவதில் சுவரோரம். இரண்டும் வேறு வேறு அனுபவம் என்றுதான் சொல்வேன். முன்னால் இருந்தபோது இசையைவிட வேலையைத்தான் பார்த்தேன், அது எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டின் எண்ணைச் சொல்கிறார்கள், உடனே எல்லோரும் தடித்த கட்டில் இருந்து தாளைத் தேடி எடுக்கிறார்கள், கீழே ஒரு தாள் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கிறார், அதற்குள் அடுத்த பாட்டுக்கு எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது. எங்களுக்கு எதிரே இருந்த டெனர்காரர் சாக்ஸை மடியில் சாய்த்துவிட்டுப் புல்லாங்குழலை எடுத்து எட்டு அடி வாசித்தார், வைத்தார், மறுபடி சாக்ஸை வாயில் வைப்பதற்கும் அவருடைய அடுத்த சுரத்துக்கும் இடையே ஒரு மூச்சு நேரம்தான். கடைசியில் இருந்த பாஸ் டிராம்போன்காரர் ஸ்லைடில் சேர்ந்த தண்ணீரைத் தரையில் விட்டார், வாத்தியத்தை உயர்த்தினார், அந்த முதல் சுரத்தில் எங்கள் மேசையில் இருந்த தம்ளர் அதிர்ந்தது, கையில் உணர்ந்தேன். முதல் மூன்று பாட்டுக்கு எனக்கு மெட்டு எது என்றே தெரியவில்லை, அதைப் பற்றிக் கவலைப்படவும் தோன்றவில்லை.

நடுவில் ஒரு மெதுவான பாட்டு. 13 பேரும் சேர்ந்து ஊதுகிறார்கள், ஆனால் பாஸ் கம்பியை விரல் தொடும் சத்தம் அதற்கு மேலே கேட்கிறது. இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு மெதுவாக வாசிக்க முடியும் என்பது ரெகார்டில் எனக்குத் தெரிந்ததே இல்லை. அதில் அடங்கி அடங்கிப் போய், திடீரென்று ட்ரம்பெட்டுகள் முழு வேகத்தில் வந்தபோது என் மனைவி என் கையைப் பிடித்துவிட்டார். அவருக்கு ஜாஸ் அவ்வளவு பழக்கமில்லை, வயலின் கற்றவர். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘அந்த ஐந்து பேர் ஒன்றாக ஓடினார்களே, அது மனப்பாடமா, பார்த்தா?’ என்பது. சோலியைத்தான் சொன்னார். அந்த இடத்தில் எனக்கும் உடம்பு சிலிர்த்தது, டிராம்போன் அம்மணி சொல்லி வைத்திருந்ததால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தது, நடுவில் இருந்த லீட் ஆல்ட்டோ தோளை லேசாகத் தூக்கினார், ஐந்து வாத்தியமும் ஒன்றாக எழுந்தன.

சுவரோரம் உட்கார்ந்தபோது மாடிவரிசை சொன்ன கலவை கேட்டது. ம்யூட் போட்ட ட்ரம்பெட்டும் புல்லாங்குழலும் சேர்ந்த ஓர் ஒலி, எந்த வாத்தியம் என்று கண்ணால் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு கேள்வி இன்னும் மிச்சம். கடைசிப் பகுதியில் எல்லோரும் சேர்ந்து ஓங்கி வாசித்து முடிக்கிறார்களே, ஒவ்வொரு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வருகிறது, அது என்ன?

மூன்றாம்டிராம்போன் எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. உங்கள் மனைவியின் கேள்விக்கு: சோலி எழுதியதுதான், பார்த்து வாசிக்கிறார்கள், ஆனால் பல வருடம் வாசித்த கைகளுக்குத் தாள் ஒரு துணை மட்டும்தான். நீங்கள் கேட்டது ஷவுட் கோரஸ். மெட்டு முதலில் வரும், அப்புறம் சோலோக்கள், அதெல்லாம் முடிந்து பேண்ட் முழுவதும் சேர்ந்து உச்சியில் வாசிக்கும் ஒரு சுற்று, பிறகு மெட்டு திரும்பும். எழுதுபவர் சேமித்து வைத்த எல்லாவற்றையும் கொட்டுவது அங்கேதான். அதற்கு முன்னால் எவ்வளவு அடக்கி வைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது எடுபடும். நீங்கள் கேட்ட அந்த மெதுவான பாட்டைப் போல வாசிக்கத்தான் எங்களுக்கு மிகவும் கஷ்டம், ஓங்கி ஊதுவதைவிட மெதுவாக ஊதும்போதுதான் சுருதி ஆடும், உதடு நடுங்கும்.

பேஸியிடம் இதற்கு ஒரு நல்ல உதாரணம், நீல் ஹெஃப்டி எழுதிய ‘லில் டார்லின்’, 1957 பதிவு. இன்னும் வேகமாக வாசிப்பதற்கென்று எழுதிக் கொடுத்ததை பேஸி இழுத்து நிதானமாக்கினார் என்பார்கள். கிட்டார்காரர் ஃபிரெடி கிரீன் அதில் ஒவ்வொரு அடியையும் வைக்கும் விதத்தைக் கேளுங்கள், 1937இல் இருந்து 1987இல் இறக்கும்வரை அந்த பேண்டில் அதைத்தான் செய்தார், ஒலிபெருக்கி இல்லாமல், சோலோ ஏறக்குறைய இல்லாமல்.

பள்ளிவாசல்பெற்றோர் எழுதியது:

இந்த இழையை முதலில் இருந்து படித்தேன். நியூயார்க் போக முடியாதவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலருடைய பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் ஜாஸ் பேண்ட் இருக்கிறது, அது பெரும்பாலும் இதே அமைப்புள்ள முழு பிக் பேண்ட். நம் பிள்ளை வயலினோ கணிதமோ எடுத்திருந்தால் நாம் அந்தப் பக்கம் போவதே இல்லை. லிங்கன் சென்டர்காரர்கள் ‘எசென்ஷியலி எலிங்டன்’ என்ற பெயரில் எலிங்டனின் நோட்டுகளைப் பள்ளிகளுக்கு அனுப்பி ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறார்கள், தேர்வான பள்ளிகள் மே மாதம் நியூயார்க்கில் வந்து வாசிக்கும். என் மகள் பள்ளி அதுவரை போனதில்லை, ஆனால் வசந்த காலக் கச்சேரியில் பதினாறு வயதுப் பிள்ளைகள் மைக் இல்லாமல் பள்ளி உணவறையில் வாசித்ததைக் கேட்டேன், மேலே சொன்ன லீட் ட்ரம்பெட், மெதுவான பாட்டு, ஷவுட் கோரஸ் எல்லாம் அங்கேயும் இருந்தன. வெட்டுப்படும் இடங்கள் அவ்வளவு சுத்தமாக இல்லை, சரி, ஆனால் அந்த ஒலி உடம்பில் வந்து படுவது அதேதான். பெரும்பாலும் இலவசம், அல்லது ஐந்து பத்து டாலர். உங்கள் ஊர்ப் பள்ளியின் இசைப் பிரிவு நாட்காட்டியில் தேதி போட்டிருப்பார்கள், டிசம்பரிலும் மே மாதத்திலும் தேடிப் பாருங்கள்.